வேலையில் மனம் ஒட்ட என்ன செய்யலாம்? மட்டக்களப்பிலிருந்து கோச்சிங் பற்றி

மட்டக்களப்பில் பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிற யாரிடம் போய் உட்கார்ந்தாலும், தேத்தண்ணி வந்து ஐந்து நிமிடத்துக்குள் ஒரு பேச்சு வரும்: "இப்பத்தப் புள்ளைகளுக்கு வேலையில அக்கறை இல்ல." கல்முனைப் புடவைக்கடையிலும் இதைத்தான் கேட்டேன், பாசிக்குடாவில் ஹோட்டல் பார்க்கிறவரிடமும் இதைத்தான் கேட்டேன், ஏறாவூர்ப் பக்கம் கார்மென்டில் லைன் பார்க்கிற ஒரு சூப்பவைசரும் இதையே சொன்னார். சொல்லிவிட்டு அவர்கள் செய்வதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு மண்டபம் எடுப்பார்கள், கொழும்பிலிருந்து பேச்சாளர் ஒருவரை அழைப்பார்கள், காலை ஒன்பதுக்குத் தொடங்கிப் பின்னேரம் நாலு மணி வரை மனப்பாங்கு மாற்றம் பற்றி வகுப்பு நடக்கும், மதியம் சோற்றுப் பார்சல், கடைசியில் எல்லோரும் சேர்ந்து நின்று ஒரு படம். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் பிந்தி வருகிறவர் பிந்தித்தான் வருகிறார், வாடிக்கையாளரிடம் முகம் சுளிக்கிறவர் சுளித்துக்கொண்டுதான் இருக்கிறார். நான் ஒரு நிதி நிறுவனக் கிளையில் எட்டு வருடம் நிர்வாகம் பார்த்தவன். இப்படியான கூட்டங்களில் இருந்தும் இருக்கிறேன், நானே ஒழுங்குபடுத்தியும் இருக்கிறேன். அதனால்தான் கோச்சிங் என்கிற முறை, அதாவது புத்திமதி சொல்லாமல் கேள்வி கேட்டு ஆளையே யோசிக்கவைக்கிற முறை, என்ன செய்கிறது, ஏன் சில இடங்களில் உண்மையிலேயே பலன் தருகிறது, எங்கே அதை நம்பக்கூடாது என்று கொஞ்சம் விரிவாக எழுத நினைத்தேன்.

முதலில் அந்தச் சொல். ஹங்கேரியில் கொச் என்று ஓர் ஊர், குதிரை வண்டிகளுக்குப் பேர்போனது. ஊரின் பெயரே வண்டிக்கு ஆகி, ஆங்கிலத்தில் கோச் ஆனது. நம் பெரியவர்கள் உதயதேவி ரயிலை இன்னும் கோச்சி என்று சொல்கிறார்களே, அதுவும் அதே சொல்தான். 1830களில் இங்கிலாந்தின் பல்கலைக்கழக மாணவர்கள், பரீட்சையில் தங்களைக் கரைசேர்க்கும் ஆசிரியரை விளையாட்டாகக் கோச் என்று அழைக்கத் தொடங்க, அது அங்கிருந்து மைதானத்துக்கும் பிறகு அலுவலகத்துக்கும் வந்தது. எனக்கு அந்த வண்டி ஞாபகம் பிடிக்கும். வண்டிக்காரர் ஓட்டுவார், ஆனால் எங்கே போகவேண்டும் என்று ஏறினவர்தான் சொல்லவேண்டும்.

1970களில் அமெரிக்காவில் திமோதி கால்வே என்ற டென்னிஸ் பயிற்றுநர் ஒன்றைக் கவனித்தார். "கையை இப்படி வை, முழங்காலை மடக்கு" என்று எவ்வளவு கூடுதலாகச் சொல்கிறாரோ அவ்வளவுக்கு ஆடுகிறவரின் உடம்பு இறுகிப்போகிறது. அதனால் அவர் சொல்வதைக் குறைத்து, பந்து நிலத்தில் படும்போதும் மட்டையில் படும்போதும் வாயால் சொல்லிக்கொண்டு ஆடச் சொன்னார். கவனம் பந்துக்குப் போனது, தன்னைத்தானே திட்டிக்கொள்வது அடங்கியது, ஆட்டம் திருந்தியது. இந்த யோசனையை 1980களில் பிரித்தானியாவில் நிறுவனங்களுக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஜோன் விட்மோர், முன்னாள் கார்ப் பந்தய வீரர். அவரும் அவருடைய கூட்டாளிகளும் பரப்பிய முறையில் நாலு கட்டம் உண்டு: எங்கே போகவேண்டும், இப்போது எங்கே நிற்கிறோம், என்னென்ன வழி இருக்கிறது, இதில் எதை எப்போது செய்யப்போகிறாய். அவ்வளவுதான். பயிற்சி வகுப்பில் தெரியாததைச் சொல்லிக் கொடுக்கிறோம், புத்திமதியில் நமக்குச் சரியென்று பட்டதைச் சொல்கிறோம், கோச்சிங்கில் கேட்கிறோம், கேட்டுவிட்டு மற்றவர் யோசிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்.

வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் படித்த இடம் களுவாஞ்சிகுடி. 2016 என்று நினைவு. மண்டூரிலிருந்து ஒரு தங்கச்சி எங்கள் கிளைக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தார், காசு வாங்குகிற கவுன்டர். கிழமையில் மூன்று நாளாவது பிந்துவார், பிந்தின நாளில் யாரோடும் பேசமாட்டார், காசு கட்ட வருகிறவர்களின் முகத்தையும் பார்க்கமாட்டார். வருட அறிக்கையில் அவருக்கு நேரே 'மனப்பாங்கு சரியில்லை' என்று எழுதினது நான்தான். அதை எழுத எனக்கு அரை நிமிடம் போயிருக்காது.

கடன் பிரிவில் ஓர் அக்கா இருந்தார், எங்களில் மூத்தவர், எல்லோருடைய பிரச்சினையும் கடைசியில் அவருடைய மேசைக்குத்தான் போகும். அவர் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, "காலம எழும்பினதில இருந்து சொல்லு புள்ள" என்று கேட்டிருக்கிறார். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு வாவியைப் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கிற மிதவையில், கடக்கவேண்டும். ஒரு பாதை தவறினால் அடுத்தது வரும்வரை கரையில் நிற்கவேண்டும், மழைக்காலத்தில் காற்று அடித்தால் அதுவும் இல்லை. ஓடிவந்து சேரும்போது வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டாயிற்று. அந்தக் கோட்டைப் பார்த்ததும் அன்றைய நாள் முடிந்துவிட்டது என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. கோடு போட்டது யார் என்பதையும் எழுதத் தேவையில்லை. அக்கா அதற்குப் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை, "அப்ப என்ன செய்தா உனக்குச் சரிவரும்?" என்று கேட்டுவிட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பிள்ளையே ஒரு வழி சொன்னது: காலையில் கவுன்டரை என்னோடு இருக்கிற மற்றவர் திறக்கட்டும், நான் அரை மணி பிந்தி வந்து பின்னேரம் காசு ஒப்புப் பார்த்து முடித்துவிட்டுப் போகிறேன். மற்றவருக்கு அது வாய்ப்பாகப் போயிற்று, தன் பிள்ளையை டியூசனிலிருந்து கூட்டிப்போக அவர் பின்னேரத்தில் நேரத்தோடு போகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேலிடத்தில் அந்த அரை மணிக்கு அனுமதி எடுக்க எனக்கு மூன்று கிழமை பிடித்தது. அப்புறம் வந்தவர் வேறு ஆள் போலத்தான் இருந்தார். கடன் கட்ட வந்த ஆச்சி ஒருவருக்குப் பற்றுச்சீட்டில் இருப்பதைப் பொறுமையாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

இதில் யாரும் அவருடைய மனப்பாங்கைத் தொடவில்லை. ஒரு கேள்வி, பதிலுக்குக் காத்திருந்தது, பிறகு ஒரு சின்ன மாற்றம். ஏன் இது இவ்வளவு செய்கிறது என்பதற்கு 1990இல் வில்லியம் கான் என்ற ஆய்வாளர் எழுதின கட்டுரை நல்ல விளக்கம் தருகிறது. வேலையில் ஈடுபாடு என்பது பற்றி இன்றைக்கு உலகம் பேசுவதற்கு அடிப்படை போட்டதே அந்தக் கட்டுரைதான். அவர் ஒரு கோடைக்கால முகாமில் வேலை செய்தவர்களையும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் வேலை செய்தவர்களையும் கிட்ட இருந்து பார்த்தார். ஒரே ஆள் ஒரு நேரத்தில் மனதைக் கொடுத்து வேலை செய்கிறார், இன்னொரு நேரத்தில் உடம்பை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே ஒதுங்கிப்போகிறார். அந்த நேரங்களை ஒப்பிட்டு அவர் மூன்று நிபந்தனைகளைச் சொன்னார். நான் செய்வதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறதா, நான் நானாக இருந்தால் எனக்குக் கேடு வருமா, அதற்கு இன்றைக்கு என்னிடம் தெம்பு இருக்கிறதா. நம் ஆட்கள் முதலாவதைப் பற்றித்தான் மண்டபத்தில் பேசுகிறார்கள், நிறுவனத்தின் கனவு, இலக்கு என்று. ஆனால் மண்டூர்ப் பிள்ளைக்கு இல்லாமல் போனது மூன்றாவது. பாதையும் பஸ்ஸும் மழையும் கடனும் சேர்ந்து, கவுன்டரில் வந்து உட்காரும்போதே தெம்பு தீர்ந்துபோயிருக்கிறது. 2022இல் மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்றுவிட்டு வேலைக்கு வந்தவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று சொன்ன முதலாளிமாரை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது நிபந்தனை, கேடு வருமா என்ற பயம், இதைவிடச் சிக்கலானது. 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்பவர் அமெரிக்க மருத்துவமனை விடுதிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக வேலை செய்கிற குழுவில் பிழை குறையும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கு எதிராக வந்தது, நல்ல குழுக்களில்தான் பதிவான பிழை கூட. தோண்டிப் பார்த்ததில் அவர்கள் கூடுதலாகப் பிழை விடவில்லை, விட்ட பிழையைப் பயமில்லாமல் சொன்னார்கள். கார்மென்டில் ரிஜெக்ட் பீஸ் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்வதும், வசூலுக்குப் போகிற பொடியன் கட்டாத கடனைக் கட்டினதாகக் காட்டித் தன் சட்டைப்பையிலிருந்து போட்டு அடைப்பதும் (இது நடக்கிறது, எனக்குத் தெரியும்) இந்தப் பயத்தால்தான்.

கோச்சிங் பற்றி நடந்த ஆய்வுகளையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதை விற்கிறவர்கள் நிறைய அளந்து விடுகிறார்கள். 2014இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வேலைத் திறமை, மனநலம், நெருக்கடியைச் சமாளிப்பது, வேலை பற்றிய மனப்பாங்கு, தனக்கு வைத்த இலக்கை நோக்கித் தன்னை நடத்துவது என்று ஐந்திலும் பயன் தெரிந்தது, கடைசியில் சொன்னதில்தான் மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதல். 2016இல் இன்னொரு தொகுப்பு, 17 ஆய்வுகள். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது: வெளியிலிருந்து காசு கொடுத்து அழைத்த கோச்சைவிட, நிறுவனத்துக்கு உள்ளேயே இருந்த கோச்சால் பயன் கூடுதல். ஆனால் அங்கே உள்ளே இருப்பவர் என்றால் நேரடி மேலதிகாரி இல்லை, அந்த ஊழியர் மேல் அதிகாரம் இல்லாத வேறு ஒருவர். நேரில் சந்தித்தாலும் பாதியைத் தொலைபேசியில் செய்தாலும், எத்தனை தரம் சந்தித்தாலும், பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நான் இதைப் படித்தபோது அந்தக் கடன் பிரிவு அக்காதான் நினைவுக்கு வந்தார். ஒவ்வொரு வேலைத்தலத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார். ஓர் இடத்தில் அக்கா, காத்தான்குடியில் கேட்டால் ஒரு நானா, ஹோட்டலில் சமையலறையில் மூத்த ஒருவர். பதவி இருக்காது, ஆனால் யாருக்கு வீட்டில் சுகமில்லை, யார் விசாவுக்குக் கொடுத்திருக்கிறார், யார் அடுத்த மாதம் விடப்போகிறார் என்று முகாமையாளருக்கு முன்னமே அவருக்குத் தெரியும். கொழும்புப் பேச்சாளருக்குக் கொடுக்கிற காசில், இவருக்குக் கேள்வி கேட்கவும் காத்திருக்கவும் கொஞ்சம் பயிற்சி கொடுத்து, வேலை நேரத்தில் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்கிக் கொடுத்தால், அது எங்களுக்கு ஏற்ற கோச்சிங். என் மனதில் பட்டதில் இதுதான் பெரிய விடயம்.

அப்படியென்றால் மேலதிகாரிக்கு வேலையில்லையா? நிறைய இருக்கிறது. கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் உலகம் முழுக்க ஈடுபாட்டை அளக்கிறது. 2024இல் ஈடுபாட்டோடு வேலை செய்கிறவர்கள் 21 வீதம்தான் என்று சொன்னது. ஒரு குழுவுக்கும் இன்னொரு குழுவுக்கும் இருக்கிற ஈடுபாட்டு வித்தியாசத்தில் குறைந்தது 70 வீதம் முகாமையாளரால் வருவது என்பதும் அவர்களுடைய கணக்கு. அவர்கள் கேட்கிற 12 கேள்விகள் ரொம்பச் சாதாரணமானவை. என்னிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியுமா, வேலைக்குத் தேவையான சாமான் இருக்கிறதா, கடந்த ஏழு நாளில் யாராவது என் வேலையைப் பாராட்டினார்களா, இங்கே ஒருவராவது என்னை ஒரு மனிதராக நினைத்து அக்கறைப்படுகிறாரா. ஆனால் இந்தக் கேள்விகளை அச்சடித்து ஒன்பது பேர் உள்ள கிளையில் கொடுத்து, பேர் எழுதவேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. கையெழுத்தை வைத்தே யார் என்று தெரிந்துவிடும், அது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் 'மிக நன்று' என்று போடுவார்கள். சின்ன இடத்தில் இவற்றை வாயால், ஒருவர் ஒருவராக, அவசரமில்லாமல்தான் கேட்கவேண்டும்.

கேட்கிற பாஷையும் முக்கியம். தமிழில் 'ஏன்' என்று மேலதிகாரி தொடங்கினாலே அது குற்றச்சாட்டு. "ஏன் பிந்தின?" என்றால் வருவது சாட்டு, காரணம் வராது. "என்ன நடந்த?" என்றால் கதை வரும். அதேபோல "உங்களுக்கு என்ன தோணுது?" என்று திடீரென்று கேட்டால், "நீங்க சொல்லுங்க சேர், செய்றம்" என்றுதான் பதில், ஏனென்றால் இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் பழக்கப்பட்டது அதுதான். இதைக் கண்டு மனம் விட்டுவிடக்கூடாது. முதல் நாளே, "நாளைக்கு லைன் விடயமாக் கதைப்பம், என்ன மாத்தலாம் எண்டு யோசிச்சுக்கொண்டு வாங்க" என்று சொல்லி வைத்தால் மறுநாள் ஏதாவது வரும். ஒரு நல்ல சூப்பவைசர் பேசினது இப்படி இருந்தது:

"தங்கச்சி, ரெண்டு கிழமையா கொலர்ல ரிஜெக்ட் கூடிக் கிடக்கு. மெஷினா, துணியா, வேற ஏதுமா? நீங்கதான் கிட்ட இருந்து பாக்கிறீங்க."

"மெஷின் இல்ல சேர். மத்தியானத்துக்குப் பிறகுதான் கூட வருகுது."

"மத்தியானத்துக்குப் பிறகு என்ன மாறுது?"

"ஹெல்பர் புள்ளய அடுத்த லைனுக்கு எடுக்கிறாங்க. நானே நூலும் வெட்டி நானே தைக்கிறன்."

இங்கே அவர் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, பேச்சு முழுக்கக் கொலரைப் பற்றித்தான். இது தற்செயல் இல்லை. 1996இல் க்ளூகர், டினிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள், வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வதால் என்ன நடக்கிறது என்று பார்த்த 600க்கும் மேற்பட்ட அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பயன் இருந்தது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலை முன்பைவிட மோசமானது. பேச்சு வேலையை விட்டு ஆளைப் பற்றிப் போகப் போகப் பயன் குறைகிறது என்பது அவர்களின் விளக்கம். என் அரை நிமிட 'மனப்பாங்கு சரியில்லை' எந்தப் பக்கம் சேரும் என்று அதைப் படித்தபோது விளங்கியது.

கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுவது கேட்காமல் விடுவதைவிடக் கெடுதல். 1928இல் சிகாகோவுக்குப் பக்கத்தில் ஹோதோர்ன் என்ற தொழிற்சாலையில் ஊழியர்களைப் பேட்டி காணத் தொடங்கி, 20,000க்கும் மேற்பட்டவர்களோடு பேசினார்கள். முதலில் எழுதி வைத்த கேள்விகள். ஆட்கள் கேள்வியை விட்டு வேறு எதையோ பேசிக்கொண்டு போனார்கள், சரி, போகவிடுவோம் என்று முறையை மாற்றியதும் அரை மணிப் பேட்டி ஒன்றரை மணி வரை நீண்டது. பேசினவர்களுக்கு ஆறுதல். அதே தொழிற்சாலையில் 1936இல் நிரந்தரமாக ஆலோசகர்களை வைத்தார்கள், ஆனால் கேட்ட முறைப்பாட்டைத் தீர்த்துவைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. மனக்குறையை வெளியே விடவைத்து ஆளை அமைதிப்படுத்துவது மட்டுமே இது என்ற குற்றச்சாட்டு அதன்மேல் விழுந்தது, அந்தக் குற்றச்சாட்டு சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். மண்டூர்ப் பிள்ளைக்கு அந்த அரை மணி அனுமதி கிடைத்திராவிட்டால் அக்காவின் கேள்வி இன்னொரு ஏமாற்றமாகப் போயிருக்கும்.

சம்பளத்தையும் மறைக்கக்கூடாது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய், 2026 ஜனவரியில் 30,000 என்று சட்டம் சொல்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். இதை ஒழுங்காகக் கட்டாத இடத்தில் கோச்சிங் என்ற பேச்சையே எடுக்கவேண்டாம், அது அவமதிப்பு. 2022இல் மட்டும் இந்த நாட்டிலிருந்து 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். கட்டாருக்குப் போக நினைக்கிறவரை மேசைக்கு முன்னால் இருத்திக் கேள்வி கேட்டு நிறுத்த முடியாது, நிறுத்தவும் தேவையில்லை. போகும்வரை மரியாதையாக வேலை செய்ய இடம் கொடுக்கலாம்.

இன்னொரு எல்லை. சுனாமி, யுத்தம், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு என்று சுமக்கிற ஊர் இது. சாதாரணமாகத் தொடங்குகிற பேச்சில் சில வேளை வேறு ஒன்று வெளியே வரும். அது கோச் கையாளுகிற விடயம் இல்லை. அவரோடு கூட இருந்து, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவையோ 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையோ காட்டிவிடவேண்டும், அடுத்த நாள் எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கவேண்டும்.

நடைமுறையில் சில: ஆண் மேலதிகாரி ஒரு பெண் ஊழியரைக் கதவை மூடி இருத்திப் பேசினால் அன்று பின்னேரமே ஊரில் கதை வரும், பாதிக்கப்படுவது அந்தப் பெண். ஆட்கள் பார்க்கிற, ஆனால் காதில் விழாத இடம்தான் சரி. வெள்ளிக்கிழமை மதியத்தில் வைக்கவேண்டாம், அது ஜும்ஆத் தொழுகை நேரம். அம்பாறைப் பக்கம் சிங்களம் பேசுகிற மேலதிகாரியும் தமிழ் பேசுகிற ஊழியரும் இருக்கிற இடங்களில், ஊழியரின் பாஷையிலேயே பேசக்கூடிய ஒருவரை வையுங்கள், மனதில் இருப்பதை இரண்டாம் பாஷையில் சொல்ல யாராலும் முடியாது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்பார்கள். எண்ணிக்கை பெரிய வித்தியாசம் தரவில்லை என்று மேலே சொன்ன ஆய்வு இருந்தும், என் அனுபவத்தில் கிழமைக்கு ஒருமுறை, இருபது நிமிடம். நம் ஊரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சட்டம், அதாவது அவரவர் பாத்திரத்துக்கான பாட்டு எழுதின ஏடு, கொடுத்த அன்றே யாரையும் ஆடவைப்பதில்லை. பகலில் வயலிலும் தோணியிலும் நின்றவர்கள் இரவில் களரிக்கு வந்து, கிழமைக் கூத்து என்று கிழமைக்குக் கிழமை ஆடிப்பார்த்து, பிறகுதான் அரங்கேற்றம். போன கிழமை பிசகின தாளத்தை இந்தக் கிழமை அண்ணாவியார் மறந்திருக்கமாட்டார் என்பது ஆடுகிறவருக்குத் தெரியும். வேலைத்தலத்தில் அதற்குத் தேவை ஒரு சின்னக் கொப்பி: போன கிழமை என்ன சொன்னோம், நான் எதைச் செய்து தருவதாகச் சொன்னேன், செய்தேனா.

அந்த அக்கா இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றார். அவர் கேட்ட கேள்விகளால் எங்கள் கிளையில் குறைந்தது மூன்று பேர் வேலையை விடாமல் நின்றார்கள், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவருக்கு அதற்காக நாங்கள் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை, அவருடைய கடன் இலக்கில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை, எல்லாம் அவருடைய சாப்பாட்டு நேரத்தில்தான் நடந்தது. இப்போது என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் இடத்தில் அந்த அக்கா யார் என்பது. எல்லோரும் யோசிக்காமல் ஒரு பெயர் சொல்கிறார்கள். அவருக்குக் கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் கொடுப்பீர்கள் என்று கேட்டால்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.